ஆட்டுவால் குஞ்சமும் முதலாளியின் கொடுவாவும்

நான் முன்பு இருந்த தூண்டில் கடையில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் என்னை விடுவதாக இல்லை. மூக்குக்கண்ணாடி மாற்றப் போன வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன். சீனாவிலிருந்து வந்த ரப்பர் மீன்களைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கண், செதில், வால் எல்லாம் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் போல. "ஆன்ட்டி, நீங்க ஆட்டு முடியில கட்டுவீங்களாமே, இன்னமும் ஆளுங்க வந்து கேக்குறாங்க. அதைப் பத்தி எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். இரண்டு பேருக்கும் தமிழ் பேசினால் புரியும், வாசிக்க வராது. அப்புறம் யாருக்கு எழுதுவது? "நீங்க எழுதுங்க, யாராச்சும் படிச்சுச் சொல்லுவாங்க" என்றாள் ஒருத்தி. நல்ல ஆசாமிகள். கோயில் பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கிக் கற்ற தமிழ், இதற்காவது உதவட்டும்.

என் பெயர் செல்வி. பர்மியர்களுக்கு முதலில் மா செல்வி, நரைத்த பிறகு டோ செல்வி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஊரில் அதை யாரும் பெரிய குறையாகப் பார்ப்பதில்லை. அப்யோஜி என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்து, வீட்டு வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டிவிடுவார்கள். நான் வீட்டு வேலைக்குத் தப்பித்து, பபேடானில் ஒரு தூண்டில் கடையின் பின்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே என் கண் மங்கியது.

நான் கட்டியது குஞ்சத் தூண்டில். ஈயத்தால் ஒரு சின்னத் தலை, அதிலிருந்து நீளும் கொக்கி, கொக்கியை மறைத்து ஒரு கொத்து முடி, அவ்வளவுதான். தண்ணீருக்குள் அசைத்தால் பொடிமீன் நீந்துவது போலத் தெரியும். புழு வேண்டாம், இறால் வேண்டாம். வெளிநாடுகளில் மான்வால் முடியில் கட்டுவார்களாம். நாங்கள் மானுக்கு எங்கே போவது? பக்ரீத் முடிந்தால் எங்கள் தெருவில் ஆட்டுவாலுக்குப் பஞ்சமில்லை. வெள்ளை வால்களாகப் பொறுக்கி வந்து ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்வோம்.

என் அம்மா கல்யாணப் பெண்களுக்குச் சடைக்குஞ்சம் கட்டி விற்றவள். நானும் கட்டுவேன். ஒருநாள் தன் தங்கை மகள் கல்யாணத்துக்குக் குஞ்சம் வாங்க ஜெய்னம்பு லாத்தா வந்தார். தூண்டில் கடை முதலாளியின் மனைவி. எல்லோருக்கும் மூத்த அக்கா போல, அதனால் லாத்தா. நான் கட்டிய முடிச்சை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். அவிழவில்லை. அப்படியே என் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப் போய், "இந்தப் புள்ளயோட முடிச்சைப் பாருங்க. நம்ம கடையில வாங்குன எந்தத் தூண்டிலும் இம்புட்டு இறுக்கமா இல்ல" என்று கணவரிடம் சொன்னார். என் நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

முதலாளியின் பெயர் காசிம் மரைக்காயர். பர்மியர்களுக்கு ஊ காசிம். உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. வேலை தப்பு என்றும் சொல்ல மாட்டார். மேசை ஓரத்தில் உயரமான பிஸ்கட் ஜாடி ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார். கட்டி முடித்த குஞ்சத்தை நூலில் கோத்து அதில் இறக்குவார், தூக்குவார், மறுபடி இறக்குவார். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்ப்பார். பிறகு இரண்டில் ஒன்று சொல்வார். "உசுரு இருக்கு" என்றால் கடைக்குப் போகும். "மவுத்து" என்றால் என் மடிக்குத் திரும்பி வரும். சாவுக்கு அவர்கள் சொல்லும் சொல் அது.

முதல் சில வாரங்கள் நான் கட்டியதெல்லாம் மவுத்து. எனக்கு எரிச்சலாக வந்தது. முடிச்சு இறுக்கம், முடி பளபளப்பு, நுனி ஒரே மட்டம். மணப்பெண் சடையில் கட்டினால் மாப்பிள்ளை வீட்டார் மூக்கில் விரல் வைப்பார்கள். தண்ணீரில் போட்டால் மட்டும் துடைப்பக்கட்டை போல விறைத்து நிற்கும். ஒருநாள் முதலாளி வாலிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நுனியைப் பாரு புள்ள."

பார்த்தேன். அடியில் தடித்து, போகப் போக மெலிந்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் முடிந்தது. சடைக்குஞ்சக்காரி நான், கட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் கத்தரியை எடுத்து நுனியை ஒரே வெட்டாக வெட்டி மட்டம் செய்துகொண்டிருந்தேன். தண்ணீரில் அலைவது அந்த நுனிதான். அதை வெட்டிவிட்டால் மீதி வெறும் மயிர். அன்று கத்தரியை மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டார். லாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். "மீனுக்குமா கல்யாணம் பண்ணி வைக்கப் பாத்தே?" என்று வருஷக்கணக்கில் கேலி செய்தார்.

பெண்கள் கேட்டது செய்முறையைத்தானே, அதையும் சொல்லிவிடுகிறேன். வாலைச் சீயக்காயில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் முறுகிவிடும். சீப்பால் வாரி அடியில் இருக்கும் பஞ்சு மயிரை எடுத்துவிட வேண்டும். கொல்லையில் கரி அடுப்பு மூட்டி, இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்க வேண்டும். பழைய பேட்டரி ஈயத்தை முதலாளி வாசல்படி ஏற விடமாட்டார், அது விஷம். வலைக் குண்டு ஈயம்தான். தலை வார்க்கும் அச்சுக்குச் சூடு காட்டிய பிறகே கொக்கியை வைத்து மூட வேண்டும். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் ஈயம் சீறித் தெறிக்கும். என் இடது மணிக்கட்டில் இன்னும் அடையாளம் இருக்கிறது. ஊற்றினால் ஒரே ஊற்று, நடுவில் கை நிற்கக் கூடாது.

தலை ஆறியதும் பிசிரை அரத்தால் ராவி, வெள்ளை பூசி, கண் வைக்க வேண்டும். பிறகு முடி. தீக்குச்சி கனத்துக்கு ஒரு கொத்து, அதற்கு மேல் வேண்டாம். நுனிகளை ஒன்றுசேர்க்க, கொத்தை மூங்கில் குழாயில் போட்டு இரண்டு தட்டு. தேன்மெழுகு தடவிய நூலை முதலில் தளர்வாகச் சுற்றி, கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு இறுக்க வேண்டும். விரலை எடுத்தால் முடி தலையைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். கொத்து கொத்தாகத் தலையைச் சுற்றி வைத்து, கழுத்தில் சிவப்பு நூல் போட்டு, நகப்பூச்சால் பூசி முடிக்க வேண்டும். எல்லாரும் செய்யும் தப்பு, முடியை அள்ளி வைப்பது. குறைவாக வைத்தால்தான் தண்ணீர் உள்ளே போய் வரும். சோற்றுக்கு உப்பு போடுவது மாதிரி, கொஞ்சம் போதாமல் இருப்பதே நல்லது.

எங்கள் கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஜாடியில் தேறினால் மட்டும் போதாது, ஆற்றுத் தண்ணீர் பார்க்காத குஞ்சம் விற்பனைக்குப் போகாது. புதுச் சரக்கு கட்டி முடித்ததும் முதலாளி, லாத்தா, நான் மூவரும் போட்டாதாங்கில் பஸ் பிடித்து, தன்லின் பாலம் தாண்டி, கியாக்தானுக்குப் போவோம். அங்கே கோ ட்வே என்ற படகுக்காரர் எங்களுக்காகக் காத்திருப்பார். தண்ணீருக்கு நடுவில் இருக்கும் புத்தர் கோயில் பக்கம் தூண்டில் போடக் கூடாது. அங்கே மீனுக்குப் பொரி போடுவார்கள். கோயில் கண்ணுக்கு மறையும்வரை கீழே இறங்கிப் போய், இடிந்த பழைய படகுத்துறையின் மரக்கால்களுக்குப் பக்கத்தில் கட்டுவோம். கடல் இறங்கும் வற்றம் முடிந்து தண்ணீர் நிற்கும் நேரத்தில் அந்தக் கால்களின் நிழலில் கொடுவா மீன் வந்து நிற்கும். பர்மியர்கள் ககடிட் என்பது அதைத்தான்.

லாத்தா குடையை விரித்துப் பிடித்தபடி சாப்பாட்டு அடுக்கைத் திறப்பார். கோ ட்வே லபெயே என்கிற பால் டீயைப் பிளாஸ்கிலிருந்து ஊற்றுவார். நானும் முதலாளியும் குஞ்சத்தை இறக்குவோம். அடி தட்டும்வரை விட்டு, கோல்நுனியை மெல்லத் தூக்கி, தானாக விழ விட வேண்டும். மீன் கடிப்பது அது விழும்போதுதான். அந்த நேரம் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். முதலாளிக்கு அது மட்டும் வராது. பேச்சில் அத்தனை பொறுமை, கையில் துளியும் கிடையாது. விழுகிற குஞ்சத்தை வெடுக்கென்று இழுத்துவிடுவார். எனக்குக் கொடுவா வந்தது, கோ ட்வேக்கு வந்தது, குடையை மடித்து வைத்துவிட்டு விளையாட்டாக ஒருமுறை போட்ட லாத்தாவுக்கும் வந்தது. முதலாளிக்குக் கெளுத்தி வரும், நண்டு வரும். ஒருமுறை செருப்பு வந்தது. "ஊ காசிம், அடுத்த தடவை ஜோடிச் செருப்பையும் பிடிச்சுட்டா போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போகலாம்" என்றார் கோ ட்வே.

அந்தப் படகுக்காக ஏங்குகிறேன் என்று சொல்ல எனக்கு என்ன வெட்கம்? தண்ணீர் நின்ற நேரத்தில் நாங்கள் நாலு பேரும் பேசாமல் இருப்போமே, அதற்காக ஏங்குகிறேன். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் எதையும் கேட்காமல் இருந்த நேரம் அதுதான்.

லாத்தா மலேசியாவுக்கு மகன் வீட்டுப் பிரசவம் பார்க்கப் போனார். பேரன் பிறந்தான், அடுத்து பேத்தி, அதற்குள் லாத்தாவுக்கு முட்டி போய்விட்டது, அங்கேயே இருந்துவிட்டார். மகன் வாரா வாரம் போன் செய்வான். "வாப்பா, கடையை மச்சான்கிட்ட விட்டுட்டு வாங்க. உம்மா உங்களைத் தேடுது." முதலாளி ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொல்வார். "வர்றேன்டா. ஒரு கொடுவா பிடிச்சிட்டு வந்துர்றேன். தூண்டில் கடைக்காரன் ஒரு கொடுவா பிடிக்காம ஊரை விட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

முதலில் அது வேடிக்கை. வருஷம் போகப் போக அதுவே கோட்டைச் சுவர் ஆகிவிட்டது. அவர் கைக்குக் கொடுவா வராது என்பது தெருவுக்கே தெரியும். இந்தத் தெருவை விட்டுப் போக மனமில்லை என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாமல், அவர் ஒரு மீனின் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் என்ன செய்தேன்? சந்தோஷப்பட்டேன். காலையில் கடை திறந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜாடியில் தண்ணீர் மாற்றுவாரே, அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். அதற்கு என்ன பெயர் என்று நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும் என்ற பயம்தான்.

பிறகு ஒருநாள் லாத்தா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று சேதி வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தும் நடக்க முடியவில்லை. அந்த வாரம் முதலாளி ஜாடியில் தண்ணீரே மாற்றவில்லை. ஒரு மத்தியானம் பீரோவிலிருந்து ஒரு தகரடப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். திறந்தால் கிராம்பு வாசனை. உள்ளே ஒரு மான்வால். எப்போதோ ஒரு கப்பல் இன்ஜினியர் கொடுத்துவிட்டுப் போனது. பூச்சி அரிக்காமல் கிராம்பு போட்டு வைத்திருந்தார், யாரையும் தொட விட்டதில்லை.

"இதுல ஒண்ணு கட்டு புள்ள" என்றார்.

"எதுக்கு முதலாளி?"

அவர் கடை முன்பக்கம் போய்விட்டார்.

கட்ட உட்கார்ந்தேன். மான் முடியை அதுவரை தொட்டதில்லை. இலேசாக, உள்ளே வெறும் கூடாக இருந்தது. நூல் இறுகியதும் பூப் போல விரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, இது மீனைக் கொண்டுவந்து சேர்க்கும். மீன் வந்தால் அவர் போவார். கத்தரி மேசையின் மறுபக்கம்தான் கிடந்தது. நுனியில் ஒரே ஒரு வெட்டு. அவருக்குப் பார்வை மங்கல், ஜாடியில்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டார். கத்தரியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நகப்பூச்சை எடுத்துப் பூசி, காயவைத்தேன். என் கைக்கு வேறு மாதிரி கட்டத் தெரியவில்லை. மவுத்தான குஞ்சத்தை அவர் கையில் கொடுக்க நான் இன்னொரு தடவை பிறந்து வரவேண்டும்.

அவர் ஜாடியில் இறக்கிப் பார்த்தார். தூக்கவே இல்லை. அது தானாகவே மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கியது. இரண்டு சொல்லில் எதையும் சொல்லாமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கியாக்தானில் அன்று மேகமூட்டம். கோ ட்வே வழக்கமான இடத்தில் படகைக் கட்டினார். தண்ணீர் நின்றது. முதலாளி குஞ்சத்தை இறக்கினார், தூக்கினார், வெடுக்கென்று இழுத்தார். மறுபடி அதே. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வந்தது. மான்வாலாக இருந்தால் என்ன, மயில் தோகையாக இருந்தால் என்ன, கை அதே கைதானே.

அப்போது அவர் பேச ஆரம்பித்தார். "இந்த இடத்துலதான் அவ குடையைப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பா. எனக்கு வெயில் அடிக்குதுன்னு குடையை என் பக்கம் சாய்ச்சு, அவ பாதி கருத்துப் போவா. நான் ஒருநாளும் அவளை உள்ள தள்ளி ஒக்காருன்னு சொல்லலை, செல்வி. இப்ப அவளுக்கு ஒருத்தர் கைத்தாங்கல் வேணுமாம் எந்திரிக்க." கோலைப் பிடித்திருப்பதை மறந்து, லாத்தா உட்காரும் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குஞ்சம் அதன் போக்கில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கை முதல்முறையாகச் சும்மா இருந்தது.

கோல் வளைந்தது. கோ ட்வே கத்திக்கொண்டு எழுந்ததில் படகு ஆடியது. மரக்காலைச் சுற்றிவிடாமல் அவர் படகைத் தள்ளிக் கொடுக்க, முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறியது. குஞ்சம் வாய் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. என் முடிச்சு அவிழ வேண்டும் என்று என் வாழ்நாளில் நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அவிழவில்லை. கைவலையில் ஏற்றினோம். என் கை நீளத்துக்குப் பெரிய கொடுவா, செவுள் விரிந்து விரிந்து மூடியது.

நான்தான் முதலில் வாய் திறந்தேன். "முதலாளி, விட்டுருங்க. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்." என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது. கோ ட்வேயும் தலையாட்டினார். பிடித்த உயிரை விடுவித்தால் புண்ணியம்தானே, பௌத்தரான அவருக்கு.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். கொக்கியை நிதானமாகக் கழற்றினார். மீனை இரண்டு கையாலும் தண்ணீரில் பிடித்து, அது நிலைப்பட்டதும் விட்டார். வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தேன். அவர் போகமாட்டார்.

மறுநாள் காலை கரண்ட் வந்ததும் முதலாளி போனை எடுத்தார். நான் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பிடிச்சிட்டேன்டா" என்றார். "கொடுவா. நேத்து."

அந்தப் பக்கம் மகன் சிரிப்பது எனக்கே கேட்டது. "சும்மா சொல்லாதீங்க வாப்பா. போட்டோ எங்க?"

"விட்டுட்டேன்."

"அதானே பாத்தேன். உம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

லாத்தாவின் குரல் வந்தது. முதலாளி எழுந்து வந்து போனை என் பக்கம் நீட்டினார். "அவ நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொல்லு, புள்ள." சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் எதைச் சொன்னாலும் அதற்குக் கட்டுப்படுவார் என்று அந்த முதுகைப் பார்த்தே தெரிந்தது. இல்லை லாத்தா, வழக்கம்போலக் கெளுத்திதான் என்று நான் சொன்னால் போதும். அவர் சிரித்துக்கொண்டே ஜாடிக்குத் தண்ணீர் மாற்றப் போயிருப்பார்.

"செல்வி" என்றார் லாத்தா. குரல் மெலிந்து போயிருந்தது. "நெசமாவே பிடிச்சாரா?"

"பிடிச்சாரு லாத்தா" என்றேன். "நான் கட்டுனதுலதான். நான் என் கண்ணால பாத்தேன். டிக்கெட் போடச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் லாத்தா அழ ஆரம்பித்தார். இந்தப் பக்கம் என்னால் அழ முடியவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றிருந்தார்.